டுரியான் மரத்தில் வடிந்த செந்நீர்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தை விட்டு வந்து கட்டிய வீட்டுக்குப் பின்னால் எங்களுக்கு ஆறு டுரியான் மரங்கள். போன மழைக்காலத்தில் ஒன்றின் அடிமரத்தில், முழங்கால் உயரத்தில், பட்டை கறுத்துச் செம்பழுப்பு நீர் வடிந்தது. வண்டு என்று நினைத்து மருந்தடித்தேன். வீண் செலவு, துளையே இல்லை, அதையாவது பார்த்திருக்கலாம்.

அப்பா பால்மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டிப் பால் எடுத்தவர். "பட்டையைச் சுரண்டிப் பாருடா" என்றார். பாராங் கத்தியால் மேல்தோலை எடுத்தேன். வெளியே உள்ளங்கை அளவு தெரிந்தது, உள்ளே இரண்டு மடங்கு பரவியிருந்தது. நல்ல பட்டை வெளிர் நிறம். இது செங்கல் நிறம். பட்டையை அழுகவைக்கும் பைட்டோப்தோரா பால்மிவோரா என்ற கிருமியின் வேலை. ரப்பர் பட்டையில் கறுப்புக் கோடு போடும் அதே கூட்டம். பார்க்கப் பூஞ்சை மாதிரி, ஆனால் பூஞ்சை இல்லை; அதன் வித்துகள் தண்ணீரில் நீந்தும். மழையில் தெறிக்கும் மண்ணோடு பட்டைக்கு ஏறிவிடும், காயம் இருந்தால் இன்னும் சுலபம். என் புல்வெட்டி மெஷின் போட்ட காயமும் சரியாக அங்கேதான் இருந்தது.

நல்ல பட்டை தெரியும்வரை செதுக்கி, சீவலை எரித்து, அந்தக் கிருமிக்கான மெட்டலாக்சில் மருந்தைக் குழைத்துப் பூசினேன். அப்புறம் தாழ்ந்த கிளைகளைக் கழித்து, தேங்கிய நீருக்கு வாய்க்கால் வெட்டினேன். சில மாதங்களில் காயத்தின் ஓரத்தில் புதுப் பட்டை உருண்டு வந்தது. இப்போது பக்கத்து மரத்தில் சின்னதாய் ஓர் ஈரம். நாளைக் காலையில் பாராங்கைத் தீட்ட வேண்டும்.