எடிட்டர் தம்பிகளே, அந்த வரியை நீங்கள் எழுதாதீர்கள்

இங்கே நீட் மதிப்பெண் போதும், கட்டுரை யாரும் கேட்பதில்லை. பிரிட்டனில் மருத்துவம் படிக்க விண்ணப்பிக்கும் பிள்ளைகள்தான் அண்ணா நகரில் என்னைத் தேடி வருகிறார்கள். யூகாஸ் என்பது அங்குள்ள பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவாக விண்ணப்பிக்கும் அமைப்பு. அந்த விண்ணப்பத்தில், ஏன் இந்தப் படிப்பு என்று பிள்ளை தானே எழுதும் கட்டுரைக்கு மொத்தம் 4,000 எழுத்துகள், இடைவெளியும் சேர்த்து. புதிதாக இதைத் திருத்த வருகிறவர்கள் நான் விழுந்த அதே பள்ளத்தில் விழுகிறார்கள். கமா, எழுத்துப்பிழையை விடுங்கள், அது எல்லோருக்கும் தெரியும்.

நல்ல வரியை நாமே போட்டுக் கொடுப்பது

ஒரு பையன். பாட்டிக்குச் சர்க்கரை. இன்சுலின் ஃப்ரிட்ஜில் இட்லி மாவுக்குப் பக்கத்தில் இருக்கும், கரண்ட் போனால் பாட்டி முதலில் அதைத்தான் விசாரிப்பார் என்று எழுதியிருந்தான். எனக்கு அது சின்னப்பிள்ளைத்தனமாகப் பட்டது. அடித்துவிட்டு, நாள்பட்ட நோய் குடும்பத்தின் அதிகார அமைப்பையே மாற்றுகிறது என்று என் ஆங்கிலத்தில் பளபளவென்று ஒன்றைப் போட்டேன். அவன் அம்மா போன் செய்து, "சார், சூப்பர்" என்றார்.

நேர்காணலில் அந்த வரியைத்தான் பிடித்தார்கள். உங்கள் வீட்டில் அதிகாரம் எப்படி மாறியது? பையன் திணறிவிட்டான். இட்லி மாவைக் கேட்டிருந்தால் பத்து நிமிடம் பேசியிருப்பான். சீட் கிடைக்கவில்லை. எனக்குப் பணம் மட்டும் ஒழுங்காக வந்துவிட்டது. இப்போது நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது, அவன்மேல் அல்ல.

இத்தனைக்கும், இது என் சொந்த எழுத்து என்று விண்ணப்பத்தில் உறுதி கொடுப்பது அவன், நான் இல்லை. இப்போதெல்லாம் ஓரத்தில் கேள்வி மட்டும் எழுதுகிறேன்: "கரண்ட் போனதும் யார் ஐஸ் வாங்க ஓடியது?" இலக்கணம் திருத்துவேன், எது நீளம் என்று சொல்வேன். பதில் வரி அவன் கையால் வரவேண்டும். சுமாராக வந்தால், சரி, சுமாராகவே போகட்டும்.

மாதிரிக் கட்டுரை கொடுப்பது

2007-இல் கட்டுரைகளில் காப்பி இருக்கிறதா என்று யூகாஸ் சோதித்தபோது, எட்டு வயதில் வேதியியல் பரிசோதனை செய்து பைஜாமாவில் ஓட்டை போட்ட கதை 234 விண்ணப்பங்களில் இருந்தது. அத்தனை பேர் வீட்டிலும் அதே பைஜாமா! கிளம்பிய இடம் இணையத்தில் கிடந்த மாதிரிக் கட்டுரை. நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் பிடிஎஃப்பும் அப்படித்தான் சுற்றும்.

ஏஐ

எழுத வைக்காதீர்கள். அந்த உறுதிமொழியில் அதுவும் அடக்கம்.

"சீட் கிடைத்தால் டபுள்"

வாங்காதீர்கள். ஓர் அப்பா கவரோடு வந்தார். காபி கொடுத்து, கவரைத் திருப்பி அனுப்பினேன்.