டிராக் டேக்கு முன் டிரைவ் ஷாஃப்ட்டைச் சோதிக்கும் முறை

டிராக் டே, அதாவது சொந்தக் காரைப் பந்தயப் பாதையில் ஓட்டிப்பார்க்கும் நாளுக்காகத் தம் காரைத் தயார் செய்பவர்கள் டயரையும் பிரேக் பேடையும் எஞ்சின் ஆயிலையும் தவறாமல் பார்த்துவிடுகிறார்கள். எஞ்சினின் விசை முழுவதையும் சக்கரத்துக்குக் கொண்டுசேர்க்கும் டிரைவ் ஷாஃப்ட்டைப் பெரும்பாலோர் சத்தம் கேட்ட பிறகே நினைத்துப்பார்க்கிறார்கள். சத்தம் கேட்கும் நேரத்தில், ஷாஃப்ட் வளைந்த கோணத்திலும் சீராகச் சுழல உதவும் மூட்டான சி.வி. ஜாயிண்ட் பெரும்பாலும் தேய்ந்து முடிந்திருக்கும். அதற்கு வெகுநாள் முன்பே, ஜாயிண்ட்டை மூடிக் கிரீஸைக் காக்கும் மடிப்பு மடிப்பான ரப்பர் உறையில், அதாவது பூட்டில், விரிசல் விழுந்து, கிரீஸ் வெளியே வரத் தொடங்கியிருக்கும். ஆகவே இந்தச் சோதனையைக் கண்ணிலும் விரலிலும் தொடங்கவேண்டும். காதின் வேலை அதற்குப் பிறகுதான்.

எடுத்துக்காட்டாக 1996 முதல் 2004 வரை வந்த முதல் தலைமுறை போர்ஷே பாக்ஸ்டரை, அதாவது 986 மாடலை, இங்கே எடுத்துக்கொள்கிறேன். எஞ்சின் நடுவில், இழுவை பின்சக்கரங்களில். கியர்பாக்ஸின் இருபுறமும் ஒவ்வொரு அரை ஷாஃப்ட், ஒவ்வொன்றின் இரு முனையிலும் பந்துகள் உருளும் ஒரு ஜாயிண்ட் என்பது இதன் அமைப்பு. கியர்பாக்ஸ் பக்கத்து ஜாயிண்ட், அங்கிருந்து வெளிவரும் வட்டத் தகடான ஃபிளாஞ்சில் போல்ட்டுகளால் பூட்டப்பட்டிருக்கும். சக்கரப் பக்கத்து முனை, சக்கரம் பொருத்தப்படும் நடுப்பகுதியான ஹப்புக்குள் நுழைந்து ஒரே பெரிய நட்டால் இறுக்கப்பட்டிருக்கும். முன்சக்கர இழுவைக் கார்களுக்கும் இந்த முறையில் பெரும்பகுதி பொருந்தும்; வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

சாதாரணச் சாலையில் பல ஆண்டுகள் தாங்கும் ஷாஃப்ட் பாதையில் ஏன் சீக்கிரம் கெடுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் எங்கே பார்க்கவேண்டும் என்பதும் விளங்கும். கோயம்புத்தூரை அடுத்த செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற பந்தயப் பாதை சுமார் 2.1 கிலோமீட்டர் நீளமே கொண்டது. அத்தகைய குறுகிய பாதையில் ஆக்ஸிலரேட்டரை முழுவதும் விட்டு மறுபடி முழுவதும் மிதிக்கும் இடங்கள் அடுத்தடுத்து வருகின்றன. ஒவ்வொரு முறையும் ஜாயிண்ட்டின் பந்துகள் பள்ளத்தின் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு மாறி அழுத்துகின்றன. சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையின் 3.717 கிலோமீட்டர் பாதையில் நேர்ப்பகுதிகள் நீளமானவை. அங்கே வெப்பம் ஏறுகிறது. வளைவில் உட்புறச் சக்கரம் பளுவிழந்து ஒரு கணம் சுழன்றுவிட்டுத் திடீரென்று பிடிமானம் பெறும்போதும், ஓரக் கட்டையின் மேல் ஏறி இறங்கும்போதும் ஷாஃப்ட்டில் விழும் அதிர்ச்சி மிகக் கடுமையானது. செமி ஸ்லிக் டயர், அதாவது பள்ளங்கள் குறைந்த, பிடிமானம் மிகுந்த டயர் போட்ட காரில் அந்தப் பிடிமானம் இன்னும் பலமாகத் திரும்புவதால் அதிர்ச்சியும் கூடுகிறது.

டிராக் டேக்கு முந்தைய நாள் மாலையில் இந்தச் சோதனையைச் செய்வதில் பயன் குறைவு. பூட் கிழிந்திருந்தால் உறுப்பை வரவழைக்கவேண்டும், மாற்றவேண்டும், மாற்றிய பிறகு கொஞ்ச தூரம் ஓட்டிப் போல்ட்டுகளை மறுபடி பார்க்கவேண்டும். இரண்டு வாரம் முன்னதாகச் செய்வதே சரி.

காரைச் சமமான சிமென்ட் தரையில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தைத் தூக்கி இருபுறமும் ஸ்டாண்டில் நிறுத்தவேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருவரும் காரின் அடியில் நுழையக் கூடாது. கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விடுவித்தால் சக்கரங்கள் கையால் சுற்றும் நிலைக்கு வரும். ஓட்டி வந்தவுடன் தொடங்கவேண்டாம். எக்ஸாஸ்ட் குழாய் அருகிலேயே இருக்கிறது, ஆறட்டும்.

முதலில் ஷாஃப்ட்டைப் பார்க்காமல் அதைச் சுற்றியிருப்பவற்றைப் பாருங்கள். பூட்டில் சிறு கிழிசல் விழுந்தாலும் சுழற்சியின் வேகத்தில் கிரீஸ் வெளிப்புறமாக வீசப்படும். அது சக்கர ரிம்மின் உட்புறத்திலும், ஸ்பிரிங்கிலும், மட்கார்டு உறையிலும், ஷாஃப்ட்டுக்கு நேர் எதிரே ஒரே கோடாகப் படிந்திருக்கும். வெள்ளைத் துணியால் அந்தக் கோட்டைத் துடைத்து விரலிடுக்கில் தேய்த்துப் பாருங்கள். சி.வி. ஜாயிண்ட்டுக்கு இடப்படும் கிரீஸில் பெரும்பாலும் மாலிப்டினம் டைசல்பைடு கலந்திருப்பதால் அது கண்மை போலக் கறுத்து, விரலில் ஒட்டி, கழுவினாலும் எளிதில் போகாது. மெல்லியதாக வழிந்து கந்தக வாடை அடித்தால் அது கியர் ஆயில். குற்றம் பூட்டில் இல்லை, கியர்பாக்ஸிலிருந்து ஃபிளாஞ்ச் வெளிவரும் இடத்து ஆயில் சீலில் இருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொண்டு நல்ல ஷாஃப்ட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஒழுகும் சீலை அப்படியே விட்டுவிடுபவர்கள் உண்டு. ஆயில் ஒழுகும் காரைப் பாதையில் விடமாட்டார்கள். விட்டாலும் பின்னால் வருபவருக்கு அது ஆபத்து.

பிறகு பூட்டைத் துடைத்துச் சுத்தம் செய்யுங்கள். புழுதி மூடிய பூட்டில் விரிசலைத் தேடுவது வீண்வேலை. கையில் டார்ச்சை வைத்துக்கொண்டு, சக்கரத்தை மெதுவாகச் சுற்றியபடி, மடிப்புகளை விரலால் விரித்து ஒவ்வொரு பள்ளத்தின் அடியையும் பார்க்கவேண்டும். விரிசல் மேட்டில் தொடங்குவதில்லை, பள்ளத்தில்தான் தொடங்குகிறது. சுருங்கியிருக்கும்போது முழுமையாகத் தெரியும் பூட் விரித்தவுடன் மயிரிழைக் கோடுகளாகப் பிளப்பதைக் காணலாம். பாக்ஸ்டரில் நான்கு பூட்டுகளில் உட்பக்கத்து இரண்டையும் கூடுதல் கவனத்தோடு பாருங்கள்; அவை எக்ஸாஸ்டின் வெப்பத்தை வாங்கிக்கொண்டே இருப்பதால் ரப்பர் இறுகி, நெகிழ்ச்சி போய்விடுகிறது. முன்சக்கர இழுவைக் காரில் நிலைமை தலைகீழ்: சக்கரம் திரும்பும்போதெல்லாம் வளைவது வெளிப்பக்கத்துப் பூட்தான் என்பதால் முதலில் கிழிவதும் அதுவே. மேற்பரப்பில் மட்டும் வெளிறிய நுண்கோடுகள் இருந்து, கிரீஸ் ஈரம் எதுவும் இல்லையென்றால் ஒரு நாள் ஓட்டத்தைத் தாங்கும் என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். என் கருத்தில் அதையும் மாற்றிவிடவேண்டும், ஏனெனில் பூட்டின் விலையையும் ஜாயிண்ட்டின் விலையையும் ஒன்றாக வைத்துப் பார்க்கவே முடியாது.

பூட்டின் இரு முனையிலும் உள்ள கிளாம்ப் அசையாமல் இருக்கிறதா என்று திருகிப் பாருங்கள். உலோகக் கிளாம்ப் இருக்கவேண்டிய இடத்தில் பிளாஸ்டிக் கேபிள் டை கட்டியிருந்தால், சாலையில் அது எத்தனை நாள் தாங்கியிருந்தாலும் பாதைக்குக் கொண்டுபோகக் கூடாது.

அடுத்தது ஆட்டம் பார்ப்பது. ஷாஃப்ட்டின் நடுவில் கையால் பிடித்து மேலும் கீழும் அசைக்கவேண்டும். நல்ல ஜாயிண்ட்டில் அந்தத் திசையில் உணரத்தக்க அசைவு இருக்காது. நீளவாக்கில் உள்ளும் வெளியும் சற்று நகர்வது குறையன்று; சஸ்பென்ஷன் ஏறி இறங்கும்போது ஷாஃப்ட்டின் நீளம் மாறவேண்டியிருப்பதால், உட்பக்கத்து ஜாயிண்ட் அப்படி நகரும்படியே செய்யப்பட்டிருக்கிறது. பிறகு காரை முதல் கியரில் போட்டு, மறுபக்கச் சக்கரத்தை ஒருவர் அசையாமல் பிடித்துக்கொள்ள, இந்தப் பக்கச் சக்கரத்தை முன்னும் பின்னும் சிறிதளவு திருப்பிப் பாருங்கள். அப்போது உணரும் ஆட்டம் முழுவதும் ஜாயிண்ட்டுடையது என்று முடிவுகட்டவேண்டாம். விசையை இரு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரத் தொகுதியான டிஃபரன்ஷியலின் பற்களுக்கிடையே இருக்கும் இயல்பான இடைவெளியும் அதில் சேர்ந்திருக்கிறது. அதைப் பிரித்தறிய ஒரு கையால் கியர்பாக்ஸ் ஃபிளாஞ்சையும் மறு கையால் ஷாஃப்ட்டையும் பிடித்து எதிரெதிராகத் திருகவேண்டும்: இரண்டும் ஒன்றாக நகர்ந்தால் ஆட்டம் டிஃபரன்ஷியலில், ஃபிளாஞ்ச் நின்று ஷாஃப்ட் மட்டும் நகர்ந்தால் உட்பக்கத்து ஜாயிண்ட்டில். வெளிப்பக்கத்தையும் இப்படியே ஷாஃப்ட்டுக்கும் ஹப்புக்கும் இடையில் பார்க்கலாம். இடது பக்கத்தையும் வலது பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பது எந்த அளவுகோலையும்விட நன்றாக வழிகாட்டும். பழைய காரில் இரண்டும் ஓரளவு தேய்ந்திருக்கும், ஒன்று மட்டும் மிகுதியாகத் தேய்ந்திருந்தால் கைக்கே தெரிந்துவிடும்.

சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டும்போது கடகடப்பு வந்தால் அது வீல் பேரிங்கின் அடையாளமாக இருக்கலாம்; அதை ஷாஃப்ட்டின் கணக்கில் எழுதவேண்டாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். கார் ஸ்டாண்டில் நிற்கும்போது சஸ்பென்ஷன் முழுவதும் தொங்கிக்கொண்டிருப்பதால் ஜாயிண்ட்டுகள் சாலையில் ஒருபோதும் தொடர்ந்து நிற்காத கோணத்தில் மடிந்திருக்கின்றன. அந்த நிலையில் எஞ்சினை ஓட்டிக் கியர் போட்டுச் சத்தம் கேட்பது தவறான முறை. நல்ல ஜாயிண்ட்டும் அப்போது தட்டும், மோசமானது மேலும் கெடும், சுழலும் சக்கரத்தின் அருகில் ஆள் நிற்பதும் ஆபத்து. கையால் சுற்றி உராய்வை உணர விரும்பினால் சஸ்பென்ஷனின் கீழ்க்கையின் அடியில் ஜாக்கியை வைத்து, கார் தரையில் நிற்கும் உயரத்துக்குச் சக்கரத்தைக் கொண்டுவந்து சுற்றுங்கள். உயரத்தை மாற்றக்கூடிய ஸ்பிரிங் அமைப்பான கோய்லோவர் போட்டுத் தாழ்த்தப்பட்ட காராக இருந்தால் இந்த உயரத்தில் ஷாஃப்ட் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதையும் பக்கவாட்டிலிருந்து பார்த்துக்கொள்ளுங்கள். மிகத் தாழ்த்திய காரில் ஷாஃப்ட் நிரந்தரமாகச் சாய்ந்த நிலையிலேயே வேலை செய்வதால், புதிய ஜாயிண்ட்டும் விரைவில் சூடேறித் தேயும்.

போல்ட்டுகளுக்கு, குறித்த அளவு விசையில் இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச் கட்டாயம். உட்பக்கத்து ஃபிளாஞ்ச் போல்ட்டுகளின் தலைக்குள் இருக்கும் பள்ளத்தில் கிரீஸும் மண்ணும் இறுகியிருக்கும். அதைக் கூரான கருவியால் முழுவதும் சுரண்டி எடுத்த பிறகே பிட்டை நுழைக்கவேண்டும், இல்லையென்றால் பிட் பாதி ஆழத்தில் நின்று தலையின் பற்களைச் சிதைத்துவிடும். எம்10 அளவுப் போல்ட்டுக்கு 81 நியூட்டன் மீட்டர் என்பது 986 மாடலுக்கான அளவு. ஆண்டுக்கும் மாடலுக்கும் ஏற்பப் போல்ட்டின் அளவு மாறக்கூடும் என்பதால் உங்கள் காருக்குரிய பணிமனைக் கையேட்டை ஒருமுறை பார்த்துவிடுங்கள். இறுக்கி முடித்ததும் போல்ட் தலையிலிருந்து ஃபிளாஞ்ச் வரை பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிட்டால், பாதையில் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு ஒரு பார்வையிலேயே எது நகர்ந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

ஹப் நட்டை அப்படித் தொட்டுப் பார்க்கவேண்டாம். 460 நியூட்டன் மீட்டரில் இறுக்கப்படும் அந்த நட் தானாகப் பூட்டிக்கொள்ளும் வகையைச் சேர்ந்தது. கழற்றினால் புதியது போடவேண்டும். அது இடம் மாறாமல் இருக்கிறதா, சுற்றிலும் துருப்பொடி கசிந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும். ஏதோ காரணத்தால் அதைத் தளர்த்தவேண்டி வந்தால், தளர்ந்த நிலையில் காரின் எடை சக்கரத்தில் விழக் கூடாது. பேரிங்கை நெருக்கிப் பிடித்துக்கொண்டிருப்பது அந்த நட்தான் என்பதால் பேரிங் கெட்டுவிடும். சக்கரத்தைத் திரும்ப மாட்டும்போது வீல் போல்ட்டுகளுக்கு 130 நியூட்டன் மீட்டர்.

இப்போது ஓட்டிப் பார்க்கலாம். ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து வட்டமடித்துப் பார்த்து, டக் டக் என்ற சத்தம் வருகிறதா என்று கேட்கும் முறை எல்லோருக்கும் தெரியும். அது முன்சக்கர இழுவைக் காருக்கு மட்டுமே உரியது. பாக்ஸ்டரின் பின்சக்கரங்கள் திரும்புவதில்லை. எத்தனை வட்டம் அடித்தாலும் ஜாயிண்ட்டின் கோணம் ஏறக்குறைய அப்படியே இருக்கும், வீண் நம்பிக்கைதான் மிஞ்சும். பின்சக்கர இழுவைக் காரில் விசையின் திசையை மாற்றித்தான் குறையை வெளிக்கொண்டுவர முடியும். ஆளில்லாத நேர்ச்சாலையில் இரண்டாம் கியரில் நிதானமாகச் சென்று, ஆக்ஸிலரேட்டரை விட்டு மறுபடி மிதியுங்கள். இதைப் பலமுறை செய்யும்போது பின்னாலிருந்து ஒரே ஓர் உலோகத் தட்டல் ஒவ்வொரு மாற்றத்திலும் கேட்டால் ஜாயிண்ட்டையும் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் தாங்கிப் பிடிக்கும் மவுன்ட்டுகளையும் சந்தேகிக்கவேண்டும். சரிவில் மெதுவாகப் பின்னோக்கி ஏறும்போது தொடர்ந்து டக் டக் என்று வந்தால் சந்தேகம் ஜாயிண்ட்டின் மேல் குவிகிறது. மிதிக்கும்போது மட்டும் வரும் உதறல் உட்பக்கத்து ஜாயிண்ட்டைக் காட்டும். மிதித்தாலும் விட்டாலும் மாறாமல் வேகத்தோடு மட்டும் கூடும் உறுமல் வீல் பேரிங்கின் குணம்.

என்ன கண்டால் என்ன செய்வது என்பதில் நான் கொஞ்சம் கறாரானவன். பூட் மட்டும் அண்மையில் கிழிந்து, கிரீஸில் மணல் சேராமல், ஆட்டமும் சத்தமும் இல்லாமல் இருந்தால் ஜாயிண்ட்டைக் கழற்றி, பழைய கிரீஸை முழுவதும் கழுவி, பள்ளங்களில் குழியோ உரிதலோ இல்லை என்பதைப் பார்த்து, புதிய கிரீஸும் புதிய பூட்டும் போடலாம். கிரீஸை விரலில் தேய்க்கும்போது நறநறவென்று இருந்தால், அல்லது ஏற்கெனவே சத்தம் வந்துகொண்டிருந்தால், புதிய பூட் எதையும் காப்பாற்றாது. இடது ஷாஃப்ட்டையும் வலது ஷாஃப்ட்டையும் இடம் மாற்றிப் போட்டு, தேயாத சுவரில் பந்துகளை ஓடவிடும் பழைய உத்தி ஒன்று மெக்கானிக்குகளிடம் உண்டு. சாலையில் ஓடும் காருக்கு அது சிக்கனமான வழிதான். பாதைக்குப் போகும் காருக்கு அதை நான் சொல்லமாட்டேன்.

பாதையில் ஒவ்வொரு ஓட்டமும் முடிந்து கார் ஆறியதும் ரிம்மின் உட்புறத்தையும் பெயின்ட் கோடுகளையும் பாருங்கள். ஏதாவது ஒரு கோடு விலகியிருந்தால் அந்தப் போல்ட்டை மட்டும் முறுக்கிவிட்டு அடுத்த ஓட்டத்துக்குப் போகவேண்டாம். ஒன்று தளர்ந்தபோது மற்றவை அதன் பளுவையும் சேர்த்துச் சுமந்திருக்கும் என்பதால், அந்த ஃபிளாஞ்சின் போல்ட்டுகள் அனைத்தையும் கழற்றி, மரைகளில் சேர்ந்திருக்கும் கிரீஸைத் துடைத்துவிட்டு, புதிய போல்ட்டுகளைப் போட்டு, குறுக்கு வரிசையில் உரிய அளவுக்கு இறுக்கி, மறுபடி கோடு இழுத்த பிறகே காரை வெளியே எடுக்கவேண்டும்.