குப்பைத்தொட்டி காலி, ஆனால் ஹார்ட் டிஸ்க் நிறைந்தே இருக்கிறதா? உபுண்டுவில் நான் சரிசெய்த விதம்

கானாடுகாத்தானில் எங்கள் ஐயா வீட்டு இரண்டாங்கட்டில் ஒரு பெரிய மரப்பெட்டி நிறையப் பழைய பேரேடுகள் இருக்கின்றன. ரங்கூனில் கடை நடந்த காலத்துக் கணக்குகள், கூடவே அப்பத்தாவுக்கு வந்த கடிதங்கள். கரையான் தொடுவதற்குள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிட வேண்டும் என்று நானும் தம்பியும் உட்கார்ந்தோம். ஏ4 அளவுப் பக்கம் ஒன்றை 600 டிபிஐயில், வண்ணத்தில், சுருக்காமல் எடுத்தால் 100 எம்பிக்குக் கொஞ்சம் மேலே வரும். 300 பக்கப் பேரேடு ஒன்றுக்கே 30 ஜிபி போய்விடும்.

சோதனைக்காக எடுத்த படங்களை அழித்தேன், குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன். தொட்டி காலியாகத்தான் தெரிந்தது. போன இடம் மட்டும் திரும்பி வரவில்லை. இரண்டு இரவு இதில் போயிற்று. உங்களுக்குப் போகக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் இடம் எங்கே போயிருக்கிறது என்று பாருங்கள்

விண்டோஸ் போலவே கணினியை இயக்கும் லினக்ஸ் வகை இயங்குதளம்தான் உபுண்டு. அதில் 'டிஸ்க் யூசேஜ் அனலைசர்' என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. அதைத் திறந்து ஹோம் ஃபோல்டரை ஸ்கேன் செய்யுங்கள். மறைந்திருக்கும் ஃபோல்டர்களையும் அளந்து காட்டும். 'ஒரே கிளிக்கில் சுத்தம்' என்று வரும் மென்பொருள்கள் எதையும் நான் இந்த வேலைக்குச் சொல்ல மாட்டேன். எதை அழிக்கிறோம் என்று கண்ணால் பார்க்காமல் அழிக்கிற பழக்கம், திரும்ப எடுக்க முடியாத படங்கள் இருக்கும் கணினிக்கு ஆகாது.

வெளி ஹார்ட் டிஸ்க் வைத்திருந்தால்

யுஎஸ்பி டிஸ்க்கில் இருக்கும் ஃபைலை அழித்தால் அது லேப்டாப்பின் தொட்டிக்கு வராது. அந்த டிஸ்க்கிலேயே 'ட்ராஷ்-1000' என்ற பெயரில், முன்னால் ஒரு புள்ளியோடு, ஒரு மறைந்த ஃபோல்டர் உருவாகும். அங்கேதான் போய் உட்காரும். டிஸ்க்கைக் கழற்றிவிட்டுத் தொட்டியைக் காலி செய்தால் அதில் இருப்பது அப்படியே இருக்கும். டிஸ்க்கைச் செருகி வைத்துக்கொண்டே காலி செய்யுங்கள்.

1000 என்பது உங்கள் பயனர் எண். தம்பி அவன் லேப்டாப்பில் இரண்டாவது பயனர் என்பதால் அவனுக்கு 1001. அவன் அழித்தவை 1001 ஃபோல்டரில் கிடந்தன. என் தொட்டியில் அவை தெரியவே இல்லை. அவன் லேப்டாப்பிலேயே டிஸ்க்கைச் செருகிக் காலி செய்தோம், முடிந்தது.

நான் மாட்டிக்கொண்ட இடம்

ஹோம் ஃபோல்டரில் கன்ட்ரோலும் எச்சும் சேர்த்து அழுத்தினால் மறைந்தவை தெரியும். புள்ளி வைத்த 'லோக்கல்', அதற்குள் 'ஷேர்', அதற்குள் 'ட்ராஷ்' என்று போங்கள். 'ஃபைல்ஸ்' என்பதில் நீங்கள் அழித்தவை இருக்கும். 'இன்ஃபோ'வில் ஒவ்வொன்றும் எங்கிருந்து, எந்த நேரத்தில் வந்தது என்ற குறிப்பு இருக்கும். என் கணினியில் மூன்றாவதாக 'எக்ஸ்பஞ்ச்டு' என்று ஒன்று இருந்தது. என் 30 ஜிபியும் அதற்குள்தான்.

தொட்டியைக் காலி செய்யச் சொன்னதும் கணினி எல்லாவற்றையும் முதலில் இந்த எக்ஸ்பஞ்ச்டுக்குத் தள்ளிவிடுகிறது. பிறகு பின்னணியில் ஒவ்வொன்றாக அழிக்கிறது. அழிக்க முடியாதது அங்கேயே தங்கிவிடும். நமக்கோ தொட்டி காலியாகத் தெரியும்.

ஏன் அழிக்க முடியவில்லை? ஸ்கேனர் சரியாகப் பிடிபடாததால் நான் ஸ்கேன் மென்பொருளை சூடோ (நிர்வாகி அதிகாரம் தரும் கட்டளை) போட்டு ஓட்டியிருந்தேன். வெளி ஃபோல்டர் நான் உருவாக்கியது. உள்ளே மென்பொருள் உருவாக்கிய ஃபோல்டர்களுக்கு உரிமையாளர் 'ரூட்', அதாவது கணினியின் நிர்வாகி. பங்காளிகள் சேர்ந்து இருக்கும் வீட்டில் பெரிய பெட்டி உங்களுடையது, அதற்குள் இருக்கும் சின்னப் பெட்டியின் சாவி பெரியப்பா வீட்டில் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பெட்டியை முகப்பு வரை இழுத்துப் போகலாம். சின்னப் பெட்டிக்குள் இருப்பதை எடுத்து வெளியே போட முடியாது. அதனால்தான் தொட்டிக்குப் போவது வரை எந்தத் தடையும் வராமல், கடைசியில் நின்றுவிடுகிறது.

அழிப்பதற்கு முன் எக்ஸ்பஞ்ச்டுக்குள் இருப்பதைத் திறந்து பாருங்கள். என் தம்பி பார்த்ததால்தான் தவறி அதில் விழுந்திருந்த 2 கடிதப் படங்களை நகலெடுத்துக் காப்பாற்றினோம்.

அப்புறம் ட்ராஷ் ஃபோல்டருக்குத் திரும்பி, வெற்றிடத்தில் வலது கிளிக் செய்து டெர்மினலை (கட்டளை தட்டும் ஜன்னல்) திறங்கள். போனில் சொல்வதுபோல எழுத்தெழுத்தாகச் சொல்கிறேன், எல்லாம் சின்ன எழுத்து: எஸ், யு, டி, ஓ, ஒரு இடைவெளி, சி, எச், ஓ, டபிள்யூ, என், இடைவெளி, கழித்தல் குறியோடு ஒட்டி பெரிய எழுத்து ஆர், இடைவெளி, உங்கள் பயனர் பெயர், இடைவெளி, எக்ஸ்பஞ்ச்டு ஃபோல்டரின் பெயர். பயனர் பெயர் டெர்மினலில் 'அட்' குறிக்கு முன்னால் இருக்கும். ஃபோல்டர் பெயரில் முதல் இரண்டு எழுத்தைத் தட்டி டேப் அழுத்துங்கள், மீதியை அதுவே நிரப்பும். கடவுச்சொல் தட்டும்போது திரையில் ஒன்றும் தெரியாது, பயப்படாமல் தட்டி என்டர் கொடுங்கள்.

இது உரிமையை உங்கள் பெயருக்கு மாற்றுவது மட்டும்தான். எதையும் அழிக்காது. அதன் பிறகு எக்ஸ்பஞ்ச்டுக்குள் போய் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ஷிஃப்ட், டெலீட் இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். சூடோ போட்டு ஒரே கட்டளையில் அழித்துவிடலாம் என்று பலர் சொல்வார்கள். ஒரு இடைவெளி தவறினால் ஹோம் ஃபோல்டரே போய்விடும். புதிதாகப் பழகுகிறவர்கள் அதைத் தொட வேண்டாம்.

பின்சேர்க்கை

தேவகோட்டையிலிருந்து ஒரு அண்ணன் கூப்பிட்டார். ஒரே லேப்டாப்பில் விண்டோஸும் உபுண்டுவும் வைத்திருக்கிறார். விண்டோஸ் டிரைவில் இருக்கும் குப்பை மட்டும் உபுண்டுவிலிருந்து போகவில்லை, 'ரீட்-ஒன்லி' என்று வருகிறது என்றார். விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' இயங்கினால் ஷட்டவுன் கொடுத்தாலும் அது முழுதாக நிற்பதில்லை. அதனால் உபுண்டு அந்த டிரைவை எழுதவிடாமல் திறக்கிறது. விண்டோஸுக்குள் போய் ஷட்டவுனுக்குப் பதில் ரீஸ்டார்ட் கொடுத்து, நேராக உபுண்டுவுக்குள் வரச் சொன்னேன். வேலை செய்தது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்திவிட்டால் இது திரும்ப வராது.

என் ஸ்கேனர் விஷயத்தையும் சரிசெய்துவிட்டேன். என் பயனர் பெயரை 'ஸ்கேனர்' என்ற குழுவில் சேர்த்து, ஒருமுறை லாக்அவுட் செய்து உள்ளே வந்தேன். இப்போது சூடோ இல்லாமலே ஸ்கேன் ஆகிறது. இரண்டாவது பேரேட்டில் 140-ஆம் பக்கத்தில் இருக்கிறோம்.