கைவிடப்பட்ட ஒயின் கிடங்கைச் சுற்றிப் பார்ப்பது எப்படி?

தெற்குப் பிரான்சின் லாங்குடாக் பகுதியில் பெரும்பாலும் 1920களிலும் 30களிலும் கட்டப்பட்ட கூட்டுறவு ஒயின் கிடங்குகள் பல இன்று பூட்டிக் கிடக்கின்றன. அன்றாடம் ஒயின் குடிக்கும் பழக்கம் குறைந்தது, திராட்சைக் கொடிகளைப் பிடுங்க மானியம் கிடைத்தது, அண்டை ஊர்களின் சங்கங்கள் ஒன்றாயின.

முதலில் அனுமதி பெறுங்கள். பாழடைந்திருந்தாலும் கட்டடம் யாருக்கோ சொந்தமானதுதான். அரசின் நில வரைபட இணையதளத்தில் மனை எண்ணைக் குறித்துக்கொண்டு ஊர் மன்றத்தில் கேட்டால் உரிமையாளரைக் கண்டறியலாம். பல இடங்களில் ஊர் மன்றமே உரிமையாளராக இருக்கும்.

தலைக்கவசம், தடித்த அடியுள்ள காலணி, இரண்டு டார்ச்சுகள், தட்டிப் பார்க்க ஒரு கம்பு, நுண்தூசியை வடிகட்டும் எஃப்எஃப்பி3 முகக்கவசம் ஆகியவை போதும். பிரான்சில் கல்நாருக்கு (ஆஸ்பெஸ்டாஸ்) 1997இல்தான் தடை வந்தது என்பதால், அது கலந்திருக்கக்கூடிய, உடைந்து கிடக்கும் கூரைத் தகடுகளை மிதிக்கவோ நகர்த்தவோ வேண்டாம். தடித்த சுவர்களுக்குள் கைபேசி அலைவரிசை கிடைக்காமல் போகலாம். ஆகவே திரும்பும் நேரத்தைச் சொல்லி ஒருவரை வெளியே நிறுத்துங்கள். குறித்த நேரத்தில் நீங்கள் வராவிட்டால் அவர் அவசர உதவி எண்ணான 112ஐ அழைக்க வேண்டும்.

உள்ளே இருபுறமும் எண்ணிட்ட கான்கிரீட் தொட்டிகள் சுவர்போல வரிசையாக நிற்கும். திறந்திருக்கும் கீழ்க்கதவு வழியாக டார்ச் அடித்தால், உட்சுவரில் ஒயினிலிருந்து படிந்த உப்பான டார்ட்டார் படிகங்கள் ஊதா நிறக் கற்கண்டு போல மின்னுவதைக் காணலாம். முன்பு அதைச் சுரண்டி எடுத்து விற்றார்கள். அதற்காகத் தலையை உள்ளே நீட்ட வேண்டாம்.

மாடிக்கு ஏறும்போதுதான் கூடுதல் கவனம் தேவை. மாடித்தளம் என்று நாம் நினைப்பது உண்மையில் தொட்டிகளின் கூரை. ஒவ்வொரு தொட்டிக்கும் அதில் ஆள் இறங்கும் அளவுக்கு ஒரு துளை உண்டு. மூடி உளுத்து, அதன்மேல் புறா எச்சமும் தூசியும் படிந்துவிட்டால் தளத்துக்கும் மூடிக்கும் வேறுபாடு தெரியாது. முதல்முறை நான் கம்பால் தட்டிப் பார்த்தபோது மூன்றாவது மூடி பொடிந்து விழுந்தது. அது தரையில் மோதிய ஓசை சற்றுத் தாமதமாகவே கேட்டது. அன்று முதல் கம்பில்லாமல் மாடிக்கு நான் ஏறுவதில்லை.

எக்காரணம் கொண்டும் தொட்டிக்குள் இறங்காதீர்கள். ஒரு லிட்டர் சாறு நொதிக்கும்போது 40 லிட்டருக்கும் மேல் கார்பன் டை ஆக்சைடு வெளிவரும். நொதித்தல் நின்று பல ஆண்டுகளாகியிருந்தாலும், துருவும் அழுகலும் அடைபட்ட இடத்தின் ஆக்சிஜனைத் தின்றுவிடும். மெழுகுவர்த்தி எரிவதைப் பார்த்துத் துணிவதும் தவறு. ஆளைச் சாய்க்கக்கூடிய காற்றிலும் அது எரியலாம்.

வெளியே வந்ததும், மூடி இல்லாத தொட்டிகளின் எண்களை உரிமையாளரிடம் தெரிவித்துவிடுங்கள்.