கல்யாணத் தேதி குறிக்கும் முன் விசாவையும் பாருங்கள்

ஒருவர் ஒரு நாட்டில், இன்னொருவர் வேறு நாட்டில் என்று தொடங்கும் திருமணங்களில் சிக்கல் எங்கே வரும் என்று கேட்டால், பலரும் காகிதங்களைத்தான் சொல்வார்கள். சான்றிதழ் கிடைக்கவில்லை, போட்டோ போதவில்லை, படிவத்தில் எழுத்துப்பிழை. இவையெல்லாம் தலைவலிதான், ஆனால் பெரும்பாலும் திருத்திக்கொள்ளக் கூடியவை. எந்தத் தேதியில் திருமணம் செய்தோம், எந்த விசாவில் எல்லையைத் தாண்டினோம், அங்கே அதிகாரியிடம் என்ன சொன்னோம் என்ற மூன்றில் தவறினால்தான் வருடக்கணக்கில் இழுக்கும்.

தேதிக்கு முன்னும் பின்னும்

குடியேற்றச் சட்டத்தைப் பொறுத்தவரை, திருமணம் ஒருவரின் வகையையே மாற்றிவிடும். இதில் மிகவும் கடுமையானது அமெரிக்காவின் எஃப்2பி வகை. கிரீன் கார்டு வைத்திருக்கும் பெற்றோர், 21 வயது தாண்டிய திருமணமாகாத மகனுக்கோ மகளுக்கோ மனு போட்டிருப்பார்கள். பல ஆண்டுகள் வரிசையில் நின்று முறை நெருங்கும் நேரத்தில் அந்தப் பிள்ளை திருமணம் செய்துகொண்டால், மனு தானாகவே ரத்தாகிவிடும். கிரீன் கார்டு வைத்திருப்பவரின் திருமணமான பிள்ளைக்கு என்று அங்கே ஒரு வகையே கிடையாது. பெற்றோர் அதற்கு முன்பே குடியுரிமை வாங்கியிருந்தால் தப்பலாம். வரிசை நீளும், ஆனால் மனு பிழைக்கும். விசா கைக்கு வந்த பிறகு, விமானம் ஏறுவதற்கு முன் திருமணம் செய்தாலும் இதே கதிதான். யாருக்குத் தெரியப்போகிறது என்று மறைத்து நுழைந்தவர்கள் மாட்டுவது பின்னால், துணைக்கு மனு போடும் நாளில். அதற்கு இணைக்கும் திருமணச் சான்றிதழிலேயே தேதி இருக்கிறதே!

கனடாவில் இதன் இன்னொரு வடிவம் உண்டு. நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பித்தபோது தனியாள். அனுமதி வந்து, அங்கே போய் இறங்குவதற்குள் திருமணம். துறைக்குச் சொன்னால் தாமதமாகும் என்று பயந்து சொல்லாமலே போய்விடுகிறார்கள். அப்படி அறிவிக்கப்படாத, குடியேற்றத் துறை பரிசோதிக்காத துணையைப் பிறகு குடும்ப வகையில் ஸ்பான்சர் செய்ய முடியாது என்கிறது அந்நாட்டுக் குடியேற்ற விதிமுறைகளின் 117(9)(டி) பிரிவு. சிலருக்கு மட்டும் பொருந்தும் தற்காலிகச் சலுகை ஒன்று 2019இல் வந்தது. அதை நம்பித் திட்டம் போடுவது சரியல்ல. முறைப்படி சொல்லியிருந்தால் சில மாதங்கள் தள்ளிப் போயிருக்கும், அவ்வளவுதான்.

நேர் எதிரான தவறும் நடக்கிறது. அமெரிக்கக் குடிமகன் தன் வருங்காலத் துணைக்குப் போடும் கே-1 விசா, இன்னும் திருமணமாகாதவர்களுக்கானது. உள்ளே நுழைந்து 90 நாளுக்குள் திருமணம் செய்ய வேண்டும். ஆனால் வீட்டாரின் திருப்திக்காக முன்கூட்டியே ஒரு சடங்கை நடத்திவிடுகிறார்கள். அந்த இடத்துச் சட்டப்படி அது செல்லும் திருமணமாக இருந்தாலோ, படங்களைப் பார்த்து அதிகாரி அப்படி முடிவு செய்தாலோ, கே-1 கிடைக்காது. துணைவர் மனுவை முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். வீடியோ அழைப்பில் நடக்கும் திருமணத்திலும் கவனம் தேவை. இருவரும் ஒரே இடத்தில் இல்லாமல் நடந்த திருமணத்தை, அதன் பிறகு அவர்கள் நேரில் சேர்ந்து இல்லறம் நடத்தியிருந்தால் ஒழிய, அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் ஏற்பதில்லை.

சடங்கு ஒரு நாள், பதிவு வேறொரு நாள் என்று இருப்பவர்களுக்கு ஒரு சொல். சட்டம் எந்த நாளைத் திருமண நாளாகக் கொள்கிறது என்று முதலில் தெரிந்துகொண்டு, இருவரும் எல்லாப் படிவத்திலும் அதையே எழுதுங்கள். நேர்காணலில் "எப்போது திருமணம் நடந்தது?" என்று கேட்டால் ஒருவர் விருந்து நடந்த நாளைச் சொல்வார், படிவத்தில் பதிவு நாள் இருக்கும். பொய் என்று எதுவும் இல்லை. ஆனாலும் அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு பதிலையும் அதிகாரி சந்தேகத்தோடுதான் கேட்பார். துணைவர் விசா சீக்கிரம் வேண்டும் என்பதற்காகப் பதிவை மட்டும் முன்கூட்டியே முடிப்பது தவறில்லை, நல்ல வழியும்கூட. ஆனால் அந்த நாளிலிருந்து நீங்கள் திருமணமானவர். "பெரிய விழா இன்னும் நடக்கவில்லையே" என்று வேறொரு படிவத்தில் தனியாள் என்று போடக் கூடாது.

"சும்மா வந்து பார்த்துவிட்டுப் போகட்டும்"

நியாயமான ஆசைதான். ஆனால் புதுமணத் தம்பதிகளை அதிகம் மாட்டிவிடுவது சுற்றுலா விசாதான். அமெரிக்கச் சட்டத்தின் 214(பி) பிரிவு, வருகை விசா கேட்பவரை குடியேற வருபவர் என்றே முதலில் கருதும். இல்லை என்று நிரூபிப்பது அவர் பொறுப்பு. கணவனோ மனைவியோ அங்கே இருக்கும்போது அது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள். அந்த விசாவுக்கான விண்ணப்பமான டிஎஸ்-160 படிவம், துணை எங்கே இருக்கிறார், உங்கள் பெயரில் யாராவது குடியேற்ற மனு போட்டிருக்கிறார்களா என்று நேரடியாகவே கேட்கிறது. அங்கே "இல்லை" என்று தட்டுவதுதான் பெரிய ஆபத்து. விசா மறுப்பு ஒரு மறுப்போடு போகும். முக்கியமான உண்மையை மறைத்ததாகத் தீர்ப்பாகிவிட்டால், விலக்கு கேட்டு வாங்கினால் ஒழிய நிரந்தரத் தடை.

விசா இருந்தாலும் விமான நிலையத்தில் இன்னொரு தேர்வு இருக்கிறது. இரண்டு வாரம் சுற்றிப் பார்க்க வந்ததாகச் சொல்பவரின் பெட்டியைத் திறந்தால் பட்டச் சான்றிதழ்களின் அசல், வேலைக்கான சுயவிவரம், மூன்று பருவத்துக்கான துணிமணி. போனில் "இனி அங்கேதான் இருக்கப் போகிறேன்" என்று தோழிக்கு அனுப்பிய செய்தி. எதற்கு வந்தீர்கள் என்ற கேள்விக்கு அவர் சொல்லும் பதிலை இந்தப் பெட்டியே மறுத்துவிடும். வருகையாளராக நுழைந்து 90 நாளுக்குள் அமெரிக்கக் குடிமகனையோ கிரீன் கார்டு உள்ளவரையோ மணந்து அங்கேயே தங்கினால், நுழையும்போதே பொய் சொன்னதாக ஊகிக்கலாம் என்று அந்நாட்டு வெளியுறவுத் துறையின் வழிகாட்டி சொல்கிறது.

பிரிட்டனில் இந்தக் கதவு இன்னும் இறுக்கம். வருகையாளர் விசாவில் போனவர் அங்கிருந்தபடியே துணைவர் விசாவுக்கு மாற முடியாது. அங்கே போய்த் திருமணம் செய்துகொண்டு திரும்பவே தனியாகத் திருமண வருகையாளர் விசா வேண்டும். சேர்ந்து வாழ்வதுதான் நோக்கம் என்றால் அதற்கான விசாவுக்கே விண்ணப்பித்துக் காத்திருங்கள். அந்தக் காலத்தில் மூன்றாவது நாடு ஒன்றில் சந்தித்துக்கொள்ளலாம். செலவு கூடும், கோப்பு சுத்தமாக இருக்கும்.

அப்படிச் சந்திக்கும்போதும் இருவரின் பாஸ்போர்ட்டும் ஒன்றல்ல என்பதை மறக்க வேண்டாம். தேனிலவுக்கு ஒருவர் விசா இல்லாமலே போக, மற்றவருக்கு இடையில் விமானம் மாறவே டிரான்சிட் விசா தேவைப்படலாம். தனித்தனியாக எடுத்த டிக்கெட்டாக இருந்தால், பெட்டியை எடுத்து மறுபடி போட இமிக்ரேஷனைத் தாண்டித்தான் ஆக வேண்டியிருக்கும். ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் பகுதியில், 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம் என்ற கணக்கு ஜனவரியில் புதிதாகத் தொடங்காது. எந்த நாளில் நின்றாலும் அதற்கு முந்தைய 180 நாளையும் திரும்பிப் பார்க்கும். வந்த நாள், கிளம்பிய நாள் இரண்டும் சேரும். 2025 அக்டோபரிலிருந்து படிப்படியாக ஸ்டாம்புக்குப் பதில் கணினிப் பதிவு வந்திருப்பதால், ஸ்டாம்ப் மங்கலாக இருந்தது என்று சமாளிக்கும் காலம் முடிந்துவிட்டது.

விண்ணப்பம் நடக்கும்போது பயணம்

வீட்டில் ஒரு அவசரம் என்று டிக்கெட் எடுப்பதற்கு முன் ஒரு நாள் பொறுங்கள். அமெரிக்காவுக்குள் இருந்தபடி கிரீன் கார்டுக்கு ஐ-485 விண்ணப்பம் போட்டவர், முன்பயண அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு வெளியேறினால், விண்ணப்பத்தைக் கைவிட்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். எச்-1பி, எல்-1 என்ற வேலை விசா நிலையில் இருப்பவர்களுக்கும் அவர்களின் துணைக்கும் இதில் விலக்கு உண்டு. பிரிட்டனில் உள்ளேயிருந்து விண்ணப்பித்து முடிவு வருவதற்கு முன் வெளியே போனால், அதுவும் திரும்பப் பெற்றதாகிவிடும்.

யாரும் கவனிக்காத ஒரு கண்ணி பாஸ்போர்ட்டின் காலாவதித் தேதி. எச்-1பி ஊழியரின் துணைக்கான அமெரிக்க எச்-4 விசா மூன்று ஆண்டுக்கு இருக்கும், பாஸ்போர்ட்டில் எட்டு மாதம்தான் மிச்சம். எதுவரை தங்கலாம் என்று எல்லையில் தரும் ஐ-94 பதிவை பாஸ்போர்ட் முடியும் நாள் வரைக்கும் மட்டுமே கொடுத்துவிடலாம். விசாவைப் பார்த்து நிம்மதியாக இருப்பவர், தெரியாமலே அனுமதிக் காலத்தைத் தாண்டிவிடுகிறார். 180 நாளுக்கு மேல் சட்டவிரோதமாகத் தங்கிவிட்டு வெளியேறினால் மூன்று ஆண்டுத் தடை, ஓராண்டோ அதற்கு மேலோ தங்கினால் பத்தாண்டு. ஒவ்வொரு முறை நுழைந்த பிறகும் ஐ-94ஐ இணையத்தில் எடுத்துப் பார்ப்பது இரண்டு நிமிட வேலை.

பெயரும் காகிதமும்

திருமணம் ஆன கையோடு பெயரை மாற்ற வேண்டும் என்று எந்த நாட்டு விசாவும் கேட்பதில்லை. விண்ணப்பம் பாதியில் இருக்கும்போது பாஸ்போர்ட்டில் பெயர் மாறினால், டிக்கெட், பழைய விசா, போலீஸ் சான்றிதழ், பட்டம் எல்லாம் வேறு பெயரில் நிற்கும். முடிந்தால் எல்லாம் முடியும்வரை தள்ளிப் போடுங்கள். பிரிட்டனில் இப்போது பாஸ்போர்ட்டில் ஒட்டாமல் இணையக் கணக்கில் இருக்கும் மின்விசா என்பதால், புதிய பாஸ்போர்ட் எண்ணைக் கணக்கில் இணைக்காவிட்டால் விமானத்தில் ஏறும்போதே நிறுத்திவிட வாய்ப்பு உண்டு.

சான்றிதழ்களுக்கு, அவை உண்மையானவை என்று சொந்த நாட்டு அரசு தரும் அப்போஸ்டில் அத்தாட்சி போதுமா, தூதரக முத்திரை வேண்டுமா என்பது இரு நாடுகளும் 1961ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இருக்கின்றனவா என்பதைப் பொறுத்தது. சீனாவில் அது 2023 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது, கனடாவில் 2024 ஜனவரியில்.

போன வருடத்து ஆலோசனை

"என் நண்பனுக்கு நாலே மாதத்தில் வந்தது" என்பதைக் கேட்டு டிக்கெட் எடுக்காதீர்கள். அந்த நண்பர் குடிமகனா, கிரீன் கார்டு வைத்திருப்பவரா? அமெரிக்காவில் குடிமகனின் துணைக்கு ஆண்டு உச்சவரம்பு இல்லை, கிரீன் கார்டு வைத்திருப்பவரின் துணைக்கு உண்டு. பிரிட்டனில் துணைவர் விசாவுக்கான வருமான வரம்பு 18,600 பவுண்டிலிருந்து 29,000 ஆக 2024 ஏப்ரலில் ஏறியது. அதே ஆண்டு ஜனவரி முதல், ஆய்வுப் படிப்பு போன்ற சில விதிவிலக்குகள் போக, மாணவர்கள் துணையை அழைத்துவர முடியாது. மார்ச்சிலிருந்து புதிதாக வந்த பராமரிப்புப் பணியாளர்களுக்கும் அதே தடை வந்தது. கனடாவில் மாணவரின் துணைக்கான வேலை அனுமதி 2025 ஜனவரியில் சுருங்கியது. முனைவர் படிப்பு, 16 மாதமாவது நீளும் முதுகலைப் படிப்பு, சில தொழிற்படிப்புகள் என்று வட்டம் சிறிதாகிவிட்டது. துணை அங்கே வேலைக்குப் போவார் என்று வீட்டுக் கணக்கு போட்டிருந்தால் முதலில் இதைச் சரிபாருங்கள்.

அமெரிக்காவில் சேர்ந்த பிறகும் ஒரு தேதி பாக்கி இருக்கிறது. கிரீன் கார்டு கிடைக்கும் நாளில் திருமணமாகி இரண்டு ஆண்டு ஆகவில்லை என்றால், அது நிபந்தனையுடன் கூடிய இரண்டாண்டு அட்டை. காலாவதிக்கு முந்தைய 90 நாளுக்குள் அந்த நிபந்தனையை நீக்கக் கேட்டு இருவரும் சேர்ந்து ஐ-751 மனு போட வேண்டும். முன்கூட்டிப் போட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். விட்டுவிட்டால் வசிப்புரிமையே முடிவுக்கு வரும். மனுவோடு கேட்பது கூட்டு வங்கிக் கணக்கு, இருவர் பெயரிலும் உள்ள வாடகை ஒப்பந்தம், வரித் தாக்கல் போன்றவை. வந்து இறங்கிய முதல் மாதத்திலிருந்தே இவற்றை ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். கல்யாண ஆல்பத்தை அங்கே யாரும் புரட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள்.