கார்டிஃபுக்கு இதழியல் படிக்கப் போகிறவர்களுக்கு

மாவட்டச் செய்தியாளராக இருந்துகொண்டு வெளிநாட்டில் இதழியல் முதுகலை படிக்க முடியுமா, நம் ஆங்கிலம் தாங்குமா என்று தம்பி தங்கைகள் அடிக்கடி கேட்கிறார்கள். முடியும். நெல்லையில் ஐந்து வருடம் குற்றச் செய்தியும் தாலுகா செய்தியும் எழுதிவிட்டு, பிரிட்டனில் வேல்ஸின் தலைநகரான கார்டிஃப் போனவள் நான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் படிப்பின் பெயரை நன்றாகப் பாருங்கள். பிரிட்டனில் சில படிப்புகள் அந்த நாட்டுப் பத்திரிகைகளுக்கு ஆள் தயார் செய்பவை. என்சிடிஜே என்ற பயிற்சிக் குழுமத்தின் அங்கீகாரம் இருக்கும். ஊடகச் சட்டம், உள்ளாட்சி நிர்வாகம், சுருக்கெழுத்து எல்லாம் அங்கே உள்ளபடி வரும். 'இன்டர்நேஷனல் ஜர்னலிசம்' என்றால் பல நாட்டு மாணவர்களுக்குப் பொதுவானது. ஊர் திரும்பி எழுதப் போகிறீர்கள் என்றால் அது போதும். அங்கேயே நிருபராக வேண்டும் என்றால் முதல் வகையைப் பிடியுங்கள், கஷ்டமானாலும். கார்டிஃபில் 1970 முதல் இதழியல் சொல்லித் தருகிறார்கள். 'பிக்சர் போஸ்ட்' என்ற பிரிட்டிஷ் படச் செய்தி வார இதழின் ஆசிரியராக இருந்த டாம் ஹாப்கின்சன் தொடங்கிவைத்தது அது. இப்போது ரயில் நிலையத்துக்கு எதிரே, பிபிசி வேல்ஸுக்குப் பக்கத்திலேயே வகுப்பு நடக்கிறது.

விண்ணப்பத்தில் தமிழில் எழுதிய செய்திகளை மறைக்காதீர்கள். ஆங்கிலத்தில் பெயர் வந்த ஏதோ ஒரு சின்னக் கட்டுரையைவிட, மூன்று மாதம் அலைந்து எழுதிய மணல் செய்திக்குத்தான் மதிப்பு. அதன் படத்தோடு, என்ன கண்டுபிடித்தீர்கள், எப்படிக் கண்டுபிடித்தீர்கள், பிறகு என்ன நடந்தது என்று ஒரு பக்கம் ஆங்கிலத்தில் எழுதி வையுங்கள். பிரிட்டிஷ் அரசு தரும் செவனிங் உதவித்தொகைக்கும் இதுவே கைகொடுக்கும். அதற்கு 2,800 மணி நேர வேலை அனுபவம் வேண்டும், அதாவது ஏறக்குறைய இரண்டு வருடம். படித்து முடித்ததும் இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருக்கவும் வேண்டும். விண்ணப்பம் ஆகஸ்டில் திறக்கும்.

பணக் கணக்கில்தான் நான் அடி வாங்கினேன். விசாவுக்குக் காட்டும் தொகை 28 நாள் தொடர்ந்து வங்கியில் இருக்க வேண்டும். ஒரு நாள்கூடக் குறையக் கூடாது. அப்பா கணக்கில் போட்டிருந்தோம். 26ஆம் நாள் அவருடைய காப்பீட்டு பிரீமியம் தானாகப் பிடித்தமாகி, தேவையான தொகைக்கு நாலாயிரம் ரூபாய் கீழே இறங்கிவிட்டது. மறுபடி முதல் நாளிலிருந்து எண்ணினோம். அந்த மாதம் அப்பா தினமும் காலையில் பாஸ்புக்கோடு வங்கி வாசலில் நின்றார். அதனால் கணக்கில் கூடுதலாக ஒரு லட்சமாவது வையுங்கள். தானியங்கிப் பிடித்தங்களை வேறு கணக்குக்கு மாற்றுங்கள். அப்புறம், விசாவோடு சேர்த்துக் கட்டும் மருத்துவக் கட்டணம் மாணவருக்கு ஆண்டுக்கு 776 பவுண்டு என்றுதான் போட்டிருக்கும். ஆனால் 12 மாதப் படிப்புக்கு விசா 12 மாதத்தைத் தாண்டி வருவதால், அரை வருடக் கட்டணமும் சேர்ந்து கட்டுவது 1,164 ஆகிவிடும்.

நிருபர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மாணவர் விசாவில் வகுப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்கலாம். ஆனால் சுயதொழில் கூடாது. கட்டுரைக்குச் சன்மானம் வாங்கும் ஃப்ரீலான்ஸ் எழுத்து சுயதொழிலில்தான் சேரும். அங்கே உட்கார்ந்து சென்னைப் பத்திரிகைக்கு எழுதினாலும் அப்படியே. பல்கலைக்கழக விசா ஆலோசகரிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். முதுகலை மாணவருக்கு ஆய்வேடு எழுதும் கோடைகாலமும் பொதுவாக வகுப்புக் காலம்தான், அப்போது முழு நேரம் வேலை பார்க்கலாம் என்று எண்ணிவிடாதீர்கள்.

சரி, போய்ச் சேர்ந்தாயிற்று. முதல் வாரமே ஃபிட்ஸாலன் பிளேஸில் உள்ள மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குப் போங்கள். பார்வையாளர் இருக்கையில் யாரும் உட்காரலாம், குறிப்பெடுக்கலாம். படம் எடுத்தால் 1925ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அனுமதியின்றி ஒலிப்பதிவு செய்தால் நீதிமன்ற அவமதிப்பு. கையில் நோட்டும் பேனாவும் மட்டும்தான் என்பதால் சுருக்கெழுத்தின் அருமை அங்கே தெரியும். அவர்கள் கற்றுத் தரும் டீலைன் என்ற சுருக்கெழுத்து முறையில் எழுத்துகளையே சுருக்கி, உயிரெழுத்துகளைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். நிமிடத்துக்கு 100 சொல் என்பது இலக்கு. பாளையங்கோட்டை டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் பிட்மன் சுருக்கெழுத்து படித்திருந்த எனக்குக் காது ஏற்கெனவே பழகியிருந்தது, கையை மட்டும்தான் மாற்ற வேண்டியிருந்தது.

நான் எழுதிய முதல் நீதிமன்றச் செய்தியில், கைதானவர்மீது முன்பும் திருட்டு வழக்கு உண்டு என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். ஊரில் போலீஸ் தரும் குறிப்பில் அப்படித்தான் இருக்கும், நாமும் போட்டுவிடுவோம். வகுப்பு ஆசிரியர் அந்த வரியை அடித்துவிட்டு, "இதற்காக நீயே கூண்டில் நிற்பாய்" என்றார். 1981ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டப்படி, கைது நடந்த நொடியிலிருந்தே வழக்கு நடப்பில் இருப்பதாகக் கணக்கு. விசாரணையைக் கடுமையாகப் பாதிக்கக்கூடிய எதையும் வெளியிடக் கூடாது. ஐந்து வருடத்தில் அப்படி எத்தனை பேரைத் தீர்ப்புக்கு முன்பே திருடனாக்கியிருப்பேன் என்று அன்று இரவு தூக்கம் வரவில்லை. கட்டிய பணம் அத்தனைக்கும் அந்த ஒரு பாடமே போதும் என்று இன்றும் நினைக்கிறேன்.

கிளம்பும் முன்பு இங்கிருந்தே செய்யக்கூடிய ஒரு வேலை. நம் ஆர்டிஐ மனுவை இந்தியக் குடிமக்கள்தான் போடலாம். பிரிட்டனின் 2000ஆம் ஆண்டுத் தகவல் சுதந்திரச் சட்டத்தில் யாரும், எந்த நாட்டிலிருந்தும் கேட்கலாம். பத்து ரூபாய் வில்லையும் வேண்டாம், மின்னஞ்சல் போதும். 20 வேலை நாளுக்குள் பதில் தர வேண்டும். நீங்கள் தங்கப்போகும் பகுதியைப் பற்றி அந்த ஊர் கவுன்சிலிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். மூடப்பட்ட பொதுக் கழிப்பறைகள் எத்தனை என்று நான் கேட்டேன். 18ஆம் நாள் பதில் வந்தது. அதன் அச்சுப் பிரதி கைப்பையில் இருக்க விமானம் ஏறினேன்.