கோவில் பாடகர் குழுவில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு

பாம்பன், தங்கச்சிமடம், மூக்கையூர் என்று நம் கடற்கரைக் கத்தோலிக்கப் பங்குகளில் (ஒரு கோவிலைச் சேர்ந்த இறைமக்கள் சமூகங்களில்) பாடகர் குழுவுக்கு எப்போதும் ஆள் தேவைப்படும். குரல் இனிமை இரண்டாவதுதான். சனங்களைப் பாடவைப்பதே குழுவின் வேலை. குழு அருமையாகப் பாடி, கோவில் முழுக்க வாய்மூடி நின்றால் அந்தப் பூசையில் ஏதோ குறைகிறது.

படி 1: சேருவது

பங்குத்தந்தையிடம் சொல்லிவிட்டு, குழுவை நடத்துகிறவரிடம் பயிற்சி நேரம் கேளுங்கள். விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் நல்ல வாய்ப்பு. மாலைப் பயிற்சிகளுக்குத் தவறாமல் வரலாம். முதல் மாதம் மைக் கேட்காதீர்கள். பின்வரிசையில் நின்று பல்லவிகளை மட்டும் பாடுங்கள்.

படி 2: பூசையின் மாறாத பகுதிகள்

புதுப் பாட்டுகளுக்கு ஓடுவதற்கு முன், ‘ஆண்டவரே இரக்கமாயிரும்’, ‘உன்னதங்களிலே’, ‘தூயவர்’, ‘உலகின் பாவங்களைப் போக்கும்’ ஆகியவற்றை உங்கள் பங்கில் பாடும் மெட்டில் மனப்பாடம் செய்யுங்கள். அதன்பின் வருகை, காணிக்கை, திருவிருந்துப் பாடல்கள். காணிக்கைப் பாடலைப் பீடத்தைப் பார்த்தபடியே பாட வேண்டும்: சாமி (பூசை வைக்கும் குரு) கை கழுவி முடிக்கும்போது பாட்டும் முடிய வேண்டும். இன்னும் இரண்டு சரணம் மீதி இருந்தாலும் பல்லவியோடு நிறுத்திவிடுங்கள். திருவிருந்துப் பாடலோ, குரு நற்கருணை உட்கொள்ளும்போதே தொடங்க வேண்டும்.

படி 3: ஸ்கேல் (பாட்டின் சுருதி)

பெரும்பாலான குழுக்கள் சறுக்குவது இங்கேதான். கேசட்டிலும் யூடியூபிலும் கேட்ட அதே ஸ்கேலில் பாடினால், பயிற்சி பெற்ற பாடகருக்குச் சரி. காலை ஆறு மணிப் பூசைக்கு வந்திருக்கும் சனங்களுக்கு எட்டாது. பாட்டின் மிக உயர்ந்த சுரம் எது என்று கீபோர்டில் தேடுங்கள். அது பெண்கள் குரலில் மேல் ‘டி’யைத் தாண்டக் கூடாது, ஆண்கள் அதையே ஒரு ஸ்தாயி கீழே பாடுவார்கள். மேல் ‘எஃப்’ வரை போகிறது என்றால் கீபோர்டில் சுருதியை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸில் மைனஸ் 3 வையுங்கள், ‘டி’யில் நிற்கும். அடுத்த பாட்டுக்கு முன் திரும்பச் சுழியத்துக்குக் கொண்டுவர மறந்தால் எல்லாரும் தவறான சுருதியில் எடுத்துவிடுவார்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் இந்த எண்ணைப் பாட்டு நோட்டின் ஓரத்தில் எழுதிவையுங்கள்.

படி 4: பதிலுரைப் பாடல்

இது நாமாகத் தேர்ந்தெடுக்கும் பாட்டு அல்ல. அன்றைய விவிலிய வாசகத்தோடு சேர்ந்த திருப்பாடல் (சங்கீதம்). ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுழற்சியில் வரும்: 2025 மூன்றாம் ஆண்டு, 2026 முதலாம் ஆண்டு. சுழற்சி சனவரியில் அல்ல, கிறிஸ்துமசுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று மாறும். ஒருவர் சரணம் பாட, பல்லவியைச் சனங்கள் பாட வேண்டும். அதனால் பல்லவியை முதலில் நீங்கள் ஒருமுறை தெளிவாகப் பாடி, அதை அவர்கள் திரும்பப் பாட இடம் விடுங்கள்.

படி 5: மைக்கும் உப்புக்காற்றும்

வாய்க்கும் மைக்குக்கும் இரண்டு மூன்று விரல் இடைவெளி போதும். மைக்கின் முகம் ஸ்பீக்கரைப் பார்த்தால் ‘கூ’வென்று கத்தும். திருவிழா நாட்களில் வெளியே கட்டிய குழாய் ஒலிபெருக்கியைக் கேட்டுப் பாடாதீர்கள். 34 மீட்டர் தள்ளியிருந்தாலே சத்தம் பத்தில் ஒரு நொடி தாமதமாக வரும், தாளம் இழுக்கும். பக்கத்துக் கீபோர்டைப் பின்பற்றுங்கள்.

கடற்கரையில் கிட்டார் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து உறைக்குள் வையுங்கள். ஈரக்காற்றில் தபேலாத் தோல் தளர்ந்து சுருதி இறங்கும். பூசைக்கு அரைமணி முன்பே எடுத்துச் சரிபாருங்கள். கீபோர்டைக் கடல் பார்த்த சன்னல் அருகே விட்டுவைக்க வேண்டாம்.

படி 6: காலங்கள்

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் அல்லேலூயா கிடையாது; நற்செய்திக்கு முன் வேறு வாழ்த்தொலி பாட வேண்டும். கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா பெரும்பாலும் தவக்காலத்தில்தான் வருகிறது, அங்கே பாடப் போகிறவர்களும் இதைக் கவனியுங்கள். இசைக்கருவிகள் பாட்டுக்குத் துணையாக மட்டும் ஒலிக்கலாம். தனி வாசிப்பு நான்காம் ஞாயிறிலும் பெருவிழா, விழாக்களிலும் மட்டுமே. பெரிய வியாழன் ‘உன்னதங்களிலே’ முடிந்ததும் கருவிகளை மூடிவிட்டால், ஈஸ்டருக்கு முந்தைய இரவுப் பூசையான பாஸ்கா திருவிழிப்பின் ‘உன்னதங்களிலே’ வரை பெரும்பாலும் வெறும் குரல்தான். பெரிய வெள்ளிப் பாட்டுகளைக் கீபோர்டு இல்லாமல் பாடிப் பழகுவதற்கு முந்தைய வாரமே இரண்டு மாலைகளை ஒதுக்கிவிடுங்கள்.